சோற்று நேரத்தில் வீங்கிய தாடை: நாகர்கோவிலில் ஒரு வாய்நோய் மருத்துவ நிலையம்

என் தாயாருக்கு வயது 62. எங்கள் வீடு இரணியலுக்கு அருகில் உள்ளது. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மதியம், மரச்சீனிக் கிழங்கும் புளி விட்டு வைத்த சாளைக் கறியும் சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டாவது வாய் வைப்பதற்குள் இடது தாடையின் அடியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டது. ஒரு மணி நேரம் கழிந்ததும் தானாகவே வற்றிவிட்டது. மறுநாள் காலையில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது மீண்டும் வந்தது.

அதன் பிறகு ஏழு மாதங்கள் அலைந்தோம். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி அக்கம்பக்கத்தார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். ஒரு பல் மருத்துவரிடம் காட்டியபோது கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கும் என்று அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள்; பல் போனது, வீக்கம் போகவில்லை. வேறோர் இடத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை மட்டும் நான்கு முறை வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வீக்கம் ஒரு வாரம் அடங்கியிருக்கும், பிறகு திரும்பும். இதற்குள் அம்மா புளி சேர்ந்த எதையும் தொடுவதில்லை என்ற நிலைக்கு வந்து, கஞ்சியும் பயறுமாகக் காலம் கழித்து, ஐந்து கிலோ எடை குறைந்துபோனார்.

ஏழு மாதத்தில் இவர்களில் ஒருவர்கூட, வீக்கம் எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்கவில்லை. நான் மதிப்புரை எழுத வந்திருக்கும் நாகர்கோவில் நிலையத்தில் முதலாவதாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். நிலையத்தின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். என்றாலும், இப்படியொரு மருத்துவப் பிரிவு இருப்பதே நம் மாவட்டத்தில் பலருக்கும் தெரியாது என்பதால், அங்கே நடந்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பல் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மேலே மூன்றாண்டுகள் படிக்கும் எம்.டி.எஸ். படிப்பில் ‘ஓரல் மெடிசின் அண்ட் ரேடியாலஜி’ என்றொரு பிரிவு உண்டு. பல்லைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாவற்றையும், அதாவது கன்னத்தின் உட்தோல், நாக்கு, தாடை எலும்பு, தாடை மூட்டு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், முக நரம்பு வலி ஆகியவற்றைக் கண்டறிவதும், மருந்தால் தீரக்கூடியதை மருந்தால் தீர்ப்பதும், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்களைப் படிப்பதும் இவர்களுடைய வேலை. பல்லுக்குப் பல் மருத்துவர், தொண்டைக்குக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் என்று மட்டுமே நாம் பழகியிருப்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் வரும் நோய் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. செவிலியராக வேலை பார்க்கும் என் நாத்தனார் சொல்லித்தான் எங்களுக்கே தெரிய வந்தது.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அம்மாவை அழைத்துச் சென்றேன். பழைய சீட்டுகளை எல்லாம் வரிசையாக அடுக்கிப் படித்து முடித்த பிறகே மருத்துவர் பேச ஆரம்பித்தார். வீக்கம் சாப்பாட்டுக்கு முன்பா, சாப்பிடும்போதா, பிறகா என்று கேட்டார். புளியும் எலுமிச்சையும் கண்டால் கூடுகிறதா என்றும், வாயில் உப்புக் கரிப்பாக எதுவும் ஊறுகிறதா என்றும், இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை என்றும் கேட்டார். அம்மா சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் போக்குவது என்பதையும், அதனால் வாய் வறளலாம் என்பதையும் சீட்டைப் பார்த்தே சொன்னார். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் பிடித்தது. அதுவரை கண்ணாடியோ விளக்கோ கையில் எடுக்கவில்லை.

அடுத்து அவர் செய்த சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைக்கச் சொல்லி, நாக்கின் அடியை ஒரு துண்டுப் பஞ்சுத் துணியால் ஈரம் போகத் துடைத்தார். நாக்கைக் கீழே கட்டியிருக்கும் மெல்லிய சவ்வு மடிப்புக்கு இரண்டு பக்கமும் ஊசி முனை அளவில் ஒவ்வொரு மேடு தெரிந்தது. தாடையின் அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாசல்கள் அவை. நறுக்கிய எலுமிச்சையில் இரண்டு சொட்டை நாக்கில் விட்டுவிட்டு, வெளியிலிருந்து வலது தாடையின் அடியை அழுத்தினார். வலப்பக்க வாசலில் தெளிந்த நீர் ஊற்றுக்கண் போலக் குபுகுபுவென்று வந்து குளமாகத் தேங்கியது. இடப்பக்கம் அழுத்தியபோது ஒன்றுமில்லை. இன்னும் சற்று அழுத்தியதும், கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாக ஒரே ஒரு சொட்டு வந்து நின்றது. பிறகு ஒரு கை விரலை வாய்க்குள் நாக்கின் அடியிலும், மறு கை விரல்களைத் தாடைக்குக் கீழேயும் வைத்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, “அம்மா, இங்கே ஒரு கல் இருக்குது. பயப்படாண்டாம், எடுத்துரலாம்” என்றார். என் விரலுக்கும் கையுறை மாட்டி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். தோலுக்குக் கீழே அரிசியில் கிடக்கும் கல்லைப் போல அது நெருடியது.

உமிழ்நீரில் எப்படிக் கல் வரும் என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தை என் நினைவிலிருந்து தருகிறேன். ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் நமக்குச் சுரக்கிறது. காதுக்கு முன்னால் இரண்டு, தாடைக்கு அடியில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு என்று பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள். இவை தவிர உதட்டிலும் கன்னத்திலும் நூற்றுக்கணக்கில் பொடிச் சுரப்பிகள் உள்ளன. கற்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் தாடையடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அந்தச் சுரப்பியின் நீர் சற்றுக் கொழகொழப்பானது, சுண்ணாம்புச் சத்து கூடியது. அதன் குழாய் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம். கீழே இருக்கும் சுரப்பியிலிருந்து மேல்நோக்கி ஏறி வந்துதான் வாய்க்குள் திறக்கிறது. மேட்டுக்கு ஏற வேண்டிய நீர் தேங்கினால் சுண்ணாம்பு படிகிறது; படிந்தது கல்லாகிக் குழாயை அடைக்கிறது. சாப்பாட்டைக் கண்டதும் சுரப்பி சுரக்கத் தொடங்கும், வழி இல்லாததால் வீங்கும். சாப்பாடு முடிந்ததும் சுரப்பது குறையும், தேங்கியது கல்லின் ஓரமாகக் கசிந்து வீக்கம் வடியும். எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டார். அதை நிறுத்த வேண்டாம், தண்ணீர் குடிப்பதைத்தான் கூட்ட வேண்டும் என்றார்.

எக்ஸ்ரேயில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முன்பே எடுத்திருந்த முழுத்தாடைப் படத்தில், தாடை எலும்பின் வெண்மையோடு கல்லின் வெண்மையும் கலந்துபோய் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. இங்கே ஒரு படத்தகட்டைப் பற்களுக்கு நடுவே மட்டமாகக் கடிக்க வைத்து, தாடைக்குக் கீழேயிருந்து கதிரைச் செலுத்தி எடுத்தார்கள். எலும்பு ஒரு பக்கமும் கல் மறு பக்கமுமாகப் பிரிந்து, பின்னாலிருந்து முன்னால் நீண்ட வெள்ளை விதை போலத் துல்லியமாகத் தெரிந்தது. எல்லாக் கல்லும் எக்ஸ்ரேயில் தெரியாது, சுண்ணாம்பு குறைந்த கல் ஒளிந்துகொள்ளும் என்று சொல்லி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் அனுப்பினார். சுரப்பிக்குள் வேறு கல்லோ கட்டியோ இல்லை என்று அதில் உறுதியானது.

நோயைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், கத்தி எடுப்பவர் இன்னொருவர் என்ற ஒழுங்கு இந்த நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வாய் மற்றும் முகத்தாடை அறுவைசிகிச்சை நிபுணர் ஒருவர் புதன்கிழமைகளில் மட்டும் வருகிறார். பழுத்திருந்த இடம் மருந்தில் அடங்கும் வரை பத்து நாள் காத்திருந்து, புண்ணும் வலியும் குறைந்த பிறகே அறுவை செய்தார்கள். மொத்தமாக மயக்கம் கொடுக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். கல் பின்னால் நழுவிச் சுரப்பிக்குள் போய்விடாமலிருக்க முதலில் அதற்குப் பின்புறம் ஒரு நூலைக் கோத்துக் குழாயைத் தூக்கிப் பிடித்து, பிறகு கல்லுக்கு மேலே கீறி எடுத்திருக்கிறார்கள். நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தக் குழாயை ஒட்டியே செல்வதால் சில நாள்களோ, அரிதாக நிரந்தரமாகவோ நாக்கு மரத்துப்போக வாய்ப்புண்டு என்பதையும் முந்தின நாளே உட்கார வைத்துச் சொன்னார்கள். அம்மாவுக்கு நான்கு நாள் நாக்கு நுனி மரத்திருந்து பிறகு சரியானது. அரை மணி நேரத்தில் வெளியே வந்தவரிடம் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் கல்லைக் காட்டினார்கள். மஞ்சள் பாய்ந்து, சொரசொரப்பாக, துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. அளந்து 7 மில்லிமீட்டர் என்று சீட்டில் எழுதினார்கள்.

இந்த அனுபவத்தின் நம்பிக்கையில்தான் என் சித்தியையும் அதே இடத்துக்கு அழைத்துச் சென்றோம். அவருடைய நோய் அம்மாவுடையதைவிடப் பலமடங்கு கடுமையானது. ஐந்து மாதமாக வாய் முழுவதும் புண். வயிற்றுச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும், தடவும் மருந்தும் மாறி மாறி நடந்தன. மணத்தக்காளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாலு நாளில் ஆறும் சாதாரண வாய்ப்புண்ணுக்கு அது இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்திக்கு வந்திருந்தது பெம்ஃபிகஸ் வல்காரிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் புரதத்தைத் தாக்கும் நோய் அது. பெரும்பாலானோருக்கு முதலில் வாயில்தான் தொடங்குகிறது. வாரங்களோ மாதங்களோ கழிந்த பிறகே உடம்புத் தோலில் கொப்புளம் வருகிறது. வாயில் கொப்புளம் வந்த வேகத்தில் உடைந்துவிடுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு ஓரம் கிழிந்த புண் மட்டுமே தெரிகிறது.

மருத்துவர் புண்ணைப் பார்த்ததோடு நிற்கவில்லை. புண்ணுக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த இடத்தை பஞ்சுத் துணியால் லேசாகத் தேய்த்தார். காய்ச்சிய பாலின் மேலாடை போல அந்தத் தோல் நகர்ந்து வந்தது. அன்றைக்கே இரண்டு இடத்தில் பொட்டளவு சதை எடுத்தார். புண்ணின் விளிம்பிலிருந்து எடுத்ததை, சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டார். பக்கத்தில் கெடாத இடத்திலிருந்து எடுத்ததை வேறொரு கரைசலில் போட்டார். இந்த இரண்டாவது சோதனையில் சதைத்துண்டின் மீது ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் பார்க்கும்போது, செல்களுக்கு நடுவே எதிர்ப்புப் பொருள் வலை பின்னியது போலத் தெரிந்தால் நோய் உறுதி. அந்தத் துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் சோதனையே பயனற்றுப் போகும். இதை அறிந்து, அதற்கான கரைசலைத் தம்மிடம் வைத்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது சித்தியின் நல்ல காலம் என்றே நினைக்கிறேன். முடிவு வந்ததும் தோல்நோய் மருத்துவரிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஸ்டீராய்டு மருந்தும், அதைத் தொடர்ந்து, எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும் நடக்கின்றன. ஸ்டீராய்டு வருவதற்கு முந்திய காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைத்ததில்லை. சித்தியின் உடம்புத் தோலில் இன்றுவரை ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் நான் அதிகம் பார்த்தது வாய் திறக்க முடியாதவர்களை. பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்தோல் வெளுத்து, பட்டை பட்டையாக இறுகிப்போகும் நோய் அது. முதலில் காரம் பட்டால் எரியும். நாளடைவில் மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல்கூட நுழையாது. ஒவ்வொரு வருகையிலும் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறார்கள். பெரியவர்களுக்கு 35க்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞரின் சீட்டில் 19 என்று இருந்தது. ஊசி, மாத்திரை, வாய்ப்பயிற்சி எல்லாம் இருந்தாலும் பாக்கை நிறுத்தாமல் எதுவும் நிற்காது என்று அவரிடம் சொன்னதை நான் கேட்டேன். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்பதை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பில் தெளிவாக்கிவிட்டது. வீட்டுக்கு வீடு கமுகு நிற்கும் நம் மாவட்டத்தில் இது புதிய கதையும் அல்ல. நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால், நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த தென் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்திருந்தது வாய்ப் புற்று. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இளைஞர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். நேரம் குறித்துக்கொண்டு போனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் பார்ப்பவர் ஏன் பத்து நிமிடத்துக்கு ஒருவரை வரச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. நிலையம் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது, முட்டுவலி உள்ளவர்கள் படியேறச் சிரமப்படுகிறார்கள். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வாயால் தமிழில் நன்றாக விளக்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் என் தாயார் தமிழ் நன்கு வாசிப்பவர், தாம் கையெழுத்திடுவதைத் தாமே படித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. சித்தியின் சோதனைத் துண்டு வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர 16 நாள் ஆனது. அதைவிட, வந்த முடிவு இரண்டு நாள் நிலையத்திலேயே கிடந்தும் எங்களுக்கு ஒரு போன் செய்யவில்லை. சோறு இறங்காமல் கிடக்கும் ஒருவருக்கு இரண்டு நாள் என்பது சிறியதல்ல. நான் நேரில் சொன்னபோது மருத்துவர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு வந்த முடிவுகளை அன்றன்றே சொல்கிறார்கள்.

மிக மெல்லிய கருவியைக் குழாய்க்குள் செலுத்திக் கல்லை எடுக்கும் எண்டோஸ்கோப்பி வசதி இங்கே இல்லை. கல் சுரப்பிக்கு உள்ளேயே ஆழமாக இருப்பவர்களை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும், அனுப்பவும் செய்கிறார்கள். தம்மால் முடியாததை முடியாது என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார் என்பதை நான் குறையாக எண்ணவில்லை.

செலவைப் பொறுத்தவரை, எங்களுக்கு ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாய், கடித்து எடுக்கும் எக்ஸ்ரே 200 ரூபாய், அறுவைக்கு மருந்து உட்பட 9,500 ரூபாய் ஆனது. ஸ்கேனும் சித்தியின் ஆய்வகக் கட்டணமும் தனி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இங்கே ஏற்பதில்லை. கையில் பணம் இல்லாதவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதே பிரிவு இயங்குகிறது. நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

சாப்பிடும்போது தாடை வீங்குகிறவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உள்ளவர்கள், மூன்று விரல் வாய்க்குள் நுழையாதவர்கள், காதுக்கு முன்னால் வலியே இல்லாமல் மெதுவாக வளரும் கட்டி உள்ளவர்கள் ஆகியோர் இந்தப் பிரிவு மருத்துவரைத் தேடிப் போகத் தாமதிக்க வேண்டாம். எலும்பு வலுவுக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே வெளியே தெரியும் நிலைமை அவர்களுக்கு வரக்கூடும். போகும்போது பழைய சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். புதன்கிழமை கூட்டம் அதிகம், அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டியவர்கள் மட்டும் அன்று போவது நல்லது. அம்மாவுக்கு இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் முன் தாடையின் அடியைப் பின்னாலிருந்து முன்னால் பத்து முறை நீவிவிட வேண்டும். நீவுவதை அம்மா ஒரு வேளைகூட விடுவதில்லை. தண்ணீரைத்தான் நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.